கடலிலிருந்து வரைந்த மலை

எனக்கு முதன்முதலில் காட்டப்பட்ட வரைபடத்தில், மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு யானை நின்றது. நல்ல கொழுத்த யானை. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. பழவேற்காட்டுக் கோட்டைக்குள் வரைபடம் எழுதும் ஒல்லாந்தத் துரை அதைத் தன் மேசைமேல் விரித்துவைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டை எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

"மலை எங்கே ஐயா?" என்றேன்.

என்னை அழைத்துவந்திருந்த துபாஷி வெங்கடாசலம் செட்டியார் அதை அவர் பாஷையில் சொன்னார். துரை யானையைத் தொட்டுக்காட்டி நீளமாக ஏதோ பேசினார். செட்டியார் சிரிக்காமல் எனக்குத் தமிழில் தந்தார்: "அந்தப் பக்கமெல்லாம் நாங்க போனதே இல்ல. போகாத எடத்த வெறுமனே வுட்டா மேலதிகாரி கோவிச்சிக்குவாரு. அதனால யானை போட்டுட்டேன்னு சொல்றாரு."

கடற்கரையைப் பொறுத்தவரை துரை ஒரு குறையும் வைக்கவில்லை. முகத்துவாரத்து மணல்திட்டு ஒவ்வொன்றும் அதில் இருந்தது. எந்த இடத்தில் கப்பல் தரைதட்டும், எந்த இடத்தில் நங்கூரம் பிடிக்கும், எல்லாம் இருந்தது. நான் கப்பலாக இருந்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பேன். ஆனால் நான் நடந்து போக வேண்டியவன், அதுவும் மலைமேல்.

நான் யாழ்ப்பாணத்தான். புகையிலை வியாபாரம். எங்கள் ஊரில் மலையே கிடையாது. கீரிமலை என்று ஓர் இடம் உண்டு. அங்கே குளிக்கலாம், பிதிர்க்கடன் கழிக்கலாம், ஏறத்தான் முடியாது, ஏறுவதற்கு ஒன்றும் இல்லை. தோணி பழவேற்காட்டை நெருங்கியபோது மேற்கே நீலமாய் எழுந்து நின்றதை மழைமேகம் என்று நினைத்து, மூட்டைகளை மூடச் சொல்லிக் கத்தியவன் நான். தோணிக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி இறங்கும்வரை சிரித்தார்கள்.

இப்படிப்பட்டவன் மலையேறக் கிளம்பியதற்கு ஒரே காரணம் என் அக்கா. எங்கள் கரைக்குச் சாயவேர் வாங்க வந்த சந்திரகிரிப் பக்கத்து வியாபாரி ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். போனவள் போனவள்தான். இப்போது அவள் மகளுக்கு வைகாசி வளர்பிறையில் கல்யாணம். சாயவேர் தோணிக்காரர் வாயிலாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: தாய்மாமன் வந்து மாலை போட்டுப் பெண்ணை மணையில் உட்கார வைக்க வேண்டும். நீ வராவிட்டால் தெருவில் போகிற யாரையாவது பிடித்து நிறுத்துவார்கள். எனக்குப் பிறந்த வீடே இல்லை என்று இவர்கள் பேசுவதை நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அது நான் மட்டும்தான்.

நேரான பாதை ஒன்று உண்டு. சமவெளியில் போவது. ஆனால் அதில் குதிரைப்படை நடமாட்டம் என்றும், அகப்பட்டவனையெல்லாம் பிடித்து மூட்டை தூக்க வைக்கிறார்கள் என்றும் செட்டியார் சொன்னார். யாருடைய படை என்று கேட்டேன். "நேத்து ஒருத்தரோடது. இன்னிக்கி இன்னொருத்தரோடது. மூட்டை மட்டும் அதே மூட்டை" என்றார். ஆகவே மலைவழி. மலைவழிக்கு ஒரு வரைபடம்.

துரை நல்ல மனிதர். யானைப் படத்தின் பிரதி ஒன்றை எனக்கே கொடுத்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கறுப்பாய்க் கசந்த ஒரு பானமும் மஞ்சள் நிறப் பாற்கட்டித் துண்டுகளும் தந்தார். பாற்கட்டியின் வாசனை, எங்கள் ஊரில் புகையிலைக்குப் பதம் போடும் கொட்டிலை நினைவூட்டியது. வீட்டு ஞாபகத்தில் இரண்டு துண்டு தின்றேன். செட்டியார் வாசற்படியைத் தாண்டிப் போய் நின்றுகொண்டார்.

மத்தியானம் செட்டியார் வீட்டில் சாப்பாடு. புளிச்சக்கீரைக் கடைசல், மாங்காய்ப் பச்சடி, சுடுசோறு. நாங்களும் காரம் தின்கிற ஆட்கள்தான். ஆனால் எங்கள் காரம் தேங்காய்ப்பாலில் கொஞ்சம் அடங்கி வரும். இது அடங்காத காரம். கண்ணில் நீர் வழியத்தான் இரண்டாவது வரைபடத்தைப் பார்த்தேன்.

அது துணியில் எழுதியது. செட்டியாரின் அப்பா காலத்தில் ஒரு சித்திரக்காரர் சாயம் தோய்த்து எழுதிக் கொடுத்ததாம். அப்படி ஓர் அழகை நான் பார்த்ததில்லை. நெசவு ஊர்கள் எல்லாம் சிவப்பில், கிணறுகள் நீலத்தில், சத்திரங்கள் மஞ்சளில். ஊருக்கு ஊர் தறிகளைக்கூடப் புள்ளி வைத்துக் காட்டியிருந்தார்.

"மலை?" என்றேன் மறுபடியும்.

"அதான் ஓரத்துல பச்சையா கொடி ஓடுதே."

"அது துணிக்கரை என்றெல்லோ நினைச்சன்."

"கரைதான். மலையும் அதான். அங்க தறி இல்ல பிள்ள. தறி இல்லாத எடத்துல நமக்கு இன்னா வேல?"

எனக்குக் கோபம் வந்தது. ஒருவருக்கு மலை யானை, இன்னொருவருக்குக் கொடி. மாடிக்கு இழுத்துப்போய் மேற்கே கைகாட்டச் சொன்னேன். செட்டியார் காட்டினார். இரண்டு மலைகள் தோளோடு தோள் உரசி நின்றன. "உங்க அக்கா ஊரு அந்த ரெட்ட மலைக்குப் பின்னாடி. அவ்ளோதான் தெரியும். மிச்சம் தெரியணும்னா கோட்டைக்குப்பம் போங்க. மீன் புடிக்கிறவங்களுக்குத்தான் மலை தெரியும்."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை, உண்மையாகவே சொன்னார்.

மறுநாள் காலை கோட்டைக்குப்பம் போக ஏரியில் தோணி ஏறினேன். வைகாசியில் ஏரி வற்றிக் கிடந்தது. பாதியில் தோணி சேற்றில் உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அங்கேயே சில பெண்கள் இடுப்பளவு நீரில் நடந்துகொண்டு, ஓலைக்கூடையைப் பல்லில் கடித்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சும்மா இருக்காமல் ஒருமுறை துழாவிப் பார்த்தேன். நண்டு என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் ஒரு பெண் சிரித்துக் கூடையை நழுவவிட்டாள். "கையி போடத் தெர்ல, மலை ஏறப் போறாராமே" என்று அவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது. நான் வந்த செய்தி எனக்கு முன்பே ஏரியைக் கடந்திருந்தது.

கோட்டைக்குப்பத்தில் தேசப்பன் என்ற மீனவர் வீட்டில் என்னைத் தங்கவைத்தார்கள். தேசப்பன் பனை உயரம், நாலு வார்த்தைக்குமேல் பேசாதவர். அந்தக் குறையை அவர் மனைவி நாகம்மா தீர்த்துவைத்தாள். நான் உட்காருவதற்குள் என் ஊர், தொழில், அக்கா, கல்யாணம், நண்டு எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டாள். "தாய்மாமன் இல்லாம கல்யாணமா? த்தூ, அந்தப் பேச்சே வேணாம்" என்று சொல்லி மடவை மீன் குழம்பை ஊற்றினாள். புளியும் மிளகாயும் போட்டு மண்சட்டியில் காய்ச்சிய குழம்பு. மூன்று முறை சோறு வாங்கினேன். நாலாவது முறை அவளே கேட்காமல் போட்டாள்.

சாப்பிட்டு முடிந்ததும் தேசப்பன் வாசலில் ஈரமணலைத் தட்டிச் சமப்படுத்தினார். தெற்கு ஓரத்தில் விரலை வைத்தார். வடக்கு ஓரம் போகும்வரை எடுக்கவேயில்லை. ஒரே கோட்டில் எல்லா மலையும் வந்துவிட்டது. எந்த மலைக்கு எங்கே பள்ளம், எது கூர், எது மொட்டை, எல்லாம் வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார்கள்: மூக்கு, சோத்துப்பானை, மூட்டை, நடுவில் அந்த இரட்டை மலை. அதன் பெயர் புருஷன் பொண்டாட்டி. தெற்கே நிற்பது புருஷன், வடக்கே பொண்டாட்டி.

மீன் பிடிக்கிறவருக்கு மலை எதற்கு என்றால், கடலுக்குள் போனபின் இடம் கண்டுபிடிக்க வேறு என்ன இருக்கிறது? கரையில் ஒரு பனை, அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு மலை. இந்தப் பனை அந்த மலைப் பள்ளத்துக்கு நேரே வந்தால், கட்டுமரத்துக்கு அடியில் மீன் அடையும் பாறை இருக்கிறது என்று அர்த்தம். ஏரியில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே முறை வைத்து இடத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள், அதற்குப் பாடு என்று பெயர். கடலில் கண்டுபிடித்தவருக்கே இடம் சொந்தம். ஆகவே மலை எல்லோருக்கும் பொது, எந்தப் பனை என்பது மட்டும் வீட்டு ரகசியம். தேசப்பன் மணலில் ஒரு பனைகூடப் போடவில்லை.

எனக்கு அதைப் பற்றி என்ன? நான் கொண்டுவந்த பனையோலையில் எழுத்தாணியால் அந்தக் கோட்டை அப்படியே கீறிக்கொண்டேன். ஓலை நீளமாய், ஒடுங்கலாய் இருந்தது மலைவரிசைக்கு நன்றாகவே பொருந்தியது. புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவில் ஒரு பள்ளம் தெளிவாக இருந்தது. அதில் ஏறி மறுபக்கம் இறங்கினால் அக்கா வீடு. அவ்வளவுதானா மலையேற்றம் என்று இருந்தது. அன்று நான் படுத்துத் தூங்கிய தூக்கம் அரசர்கள் தூங்கும் தூக்கம்.

விடிந்ததும் கட்டுச்சோற்றோடு தோணியேறி நடை தொடங்க வேண்டிய எளாவூர்ப் பக்கத்துக் கரைக்குப் புறப்பட்டேன். தேசப்பன் தோணியைத் தள்ள, நாகம்மாவும் நெத்திலிக் கருவாடு விற்க அந்தப் பக்கம் வந்தாள். தோணி வடக்கே போகப் போக நான் மலையைப் பார்த்தபடியே இருந்தேன். என்னவோ சரியில்லை. புருஷன் பொண்டாட்டியை நெருங்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பின்னால் பாதி மறைந்தான். பிறகு முழுக்கக் காணோம். வெயில் ஏறியபோது பொண்டாட்டிக்கு வடக்கே தலையை நீட்டினான்.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். "புருஷன் அந்தப் பக்கம் போயிட்டான்!"

நாகம்மா கருவாட்டுக் கூடையிலிருந்து தலையைத் தூக்கினாள். "எந்த ஊட்ல புருஷன் ஒரே பக்கமா நின்னுகினு கீறான்?"

தேசப்பன் சிரிக்கவில்லை. தோணியை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்தார், என் ஓலையைப் பார்த்தார். அவர் வாழ்நாள் முழுக்கப் பார்க்கும் காட்சிதான் அது, மலை நகர்ந்தால் இடம் மாறிவிட்டது என்று தெரிந்துகொள்வதற்கு. அதன்மேல் ஒருவன் நடந்து போவான் என்பதை அவர் யோசித்ததே இல்லை. "ஐயோ" என்றார். அவர் எனக்காகச் சொன்ன மிகப்பெரிய பேச்சு அது.

விஷயம் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. ஒன்று முன்னால், ஒன்று எங்கோ பின்னால். உரசிக்கொண்டு நிற்பது கடலிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும்தான். நான் ஏறப்போன பள்ளம் உலகத்தில் எங்கும் இல்லை. பொண்டாட்டிக்கும் புருஷனுக்கும் நடுவில் இருப்பது மலையா, சமவெளியா? சமவெளி என்றால் அங்கே குதிரைகள். நான் வைகாசிக் கல்யாணத்துக்கு யாரோ ஒருவரின் மூட்டையோடு வேறு எங்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்.

தோணியைத் திருப்பினோம். முந்தின மாலையே வானத்தில் பிறை வளர ஆரம்பித்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அக்கா முகம் எப்படியிருக்கும் என்றுகூடச் சரியாக நினைவில்லை, ஆனால் அவள் பெண்ணை யாரோ ஒருவன் கைபிடித்து மணையில் உட்கார வைப்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மாலையில் குப்பம் முழுக்கத் தேசப்பன் வாசலில் கூடிவிட்டது. முன்வரிசை மலை பின்வரிசையை மறைக்கிறது, கடலுக்குள் தூரம் போனால்தான் பின்னால் இருப்பவை எழுந்து நிற்கும், வேறு வேறு இடத்திலிருந்து பார்த்தால்தான் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று விளங்கும் என்றேன். ஆகவே ஒவ்வொரு வீட்டாரும் ஒருமுறை என்னை அவரவர் மீன்பிடிக்கும் இடத்துக்குக் கூட்டிப்போங்கள் என்று கேட்டேன்.

 புகையிலைக்காரன் ஊர்ச் சொத்தைக் கேட்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

முதலில் பேசியவர் நாகம்மாவின் அண்ணன் ஏகாம்பரம். தேசப்பனும் ஏகாம்பரமும் மாமன் மச்சான். யார் இடம் பெரிய இடம் என்ற போட்டியில் பல வருஷமாய் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். "எங்க எடம் எங்க நைனா காட்ன எடம்" என்றார் ஏகாம்பரம். "மச்சானுக்கே காட்ல. இவருக்கு இன்னாத்துக்கு காட்டணும்?"

"எனக்கு அவுரு எடம் வேணாம்னு சொல்லு" என்றார் தேசப்பன், தன் மனைவியைப் பார்த்து.

நாகம்மா இடுப்பில் கையை வைத்தாள். "ஒரு பொண்ணு மணையில குந்தாம அங்க நின்னுகினு கீது. நீங்க இங்க எடம் எடம்னுகினு. அவுரு கண்ணக் கட்டி இட்டும்போங்க. எடத்துக்குப் போனப்பறம் அவுத்து வுடுங்க. மலைய மட்டும் பாக்கட்டும். கரையப் பாத்தாருன்னா தண்ணில தள்ளி வுடுங்க."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கட்டுமரத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு போனவர் உங்களில் யாராவது உண்டா? பக்கச்சுவர் கிடையாது. நாலு கட்டையைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், அலை ஒவ்வொன்றும் மடியில் ஏறி இறங்கிப் போகிறது. அலை வருவது தெரிந்தாலாவது மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த தேவாரம் அவ்வளவையும் பாடினேன். தேசப்பன் என் பின்னால் துடுப்பு வலித்துக்கொண்டே, "உஷார் அண்ணாத்தே" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். முந்தின இரவு தின்ற மடவைக் குழம்பை மடவைகளுக்கே திருப்பிக் கொடுத்தேன்.

இடம் வந்ததும் தேசப்பன் துண்டை அவிழ்த்தார். தன் அகன்ற கையை என் கண்ணுக்குக் கீழே அணையாக வைத்துக் கரையை மறைத்துக்கொண்டார். அதற்கு மேலே, அப்போதுதான் எழுந்த சூரியனின் வெளிச்சத்தில், மலைகள் வரிசை வரிசையாக நின்றன. ஒன்றின் தோளுக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் வேறொன்று.  குமட்டல் நின்றுவிட்டது. ஓலையில் கீறினேன்.

ஏகாம்பரத்துக்குக் காலையில் கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை. அவருடைய நேரம் சாயங்காலம். அன்றைக்கே அவரோடும் போனேன். அவர் துண்டு இன்னும் இறுக்கம், இன்னும் மீன் வாசனை. வழி நெடுக என்னைச் சுற்றிச் சுற்றி அழைத்துப்போகிறார் என்று சந்தேகப்பட்டேன். அவிழ்த்தபோது சூரியன் மலைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மலைகள் கறுப்பாய், விளிம்பு மட்டும் சிவப்பாய். "இந்த மாரி எடம் எவனுக்கும் கெடையாது" என்றார் பெருமையாக. இரண்டாவது ஓலையிலும் கீறினேன்.

மறுநாள் காலை வாசலில் உட்கார்ந்து இரண்டு ஓலையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெயிலில் பிடித்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மூக்கின் நுனி மூக்கின் நுனியில், பள்ளம் பள்ளத்தில். ஒரு மயிரிழை விலகல் இல்லை. முதலில் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு விளங்கியது. மச்சான்கள் இருவரும் ஒரே பாறைமேல்தான் வலை போடுகிறார்கள். ஒருவர் விடியலில், ஒருவர் அந்தியில்.

தலையைத் தூக்கினேன். நாகம்மா கையில் துடைப்பத்தோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்டுபுட்ச்சிட்டியாண்ணா?" என்றாள் மெதுவாக.

"உனக்குத் தெரியுமா தங்கச்சி?"

"ரெண்டு பேரு மீனும் நான்தான விக்கிறேன். ஒரே மீனு, வலையில ஒரே பாசி. கண்ணாலம் ஆன வருசமே தெர்ஞ்சிபோச்சி." சுற்றிப் பார்த்துவிட்டு என் அருகில் குனிந்தாள். "இதுங்க ரெண்டுக்கும் தெர்ஞ்சா ஊட்ல குந்திகினு ராவும் பகலும் சண்ட போடுங்க. இப்போ அது வரும்போது இது போகுது, இது வரும்போது அது போகுது. நான் நிம்மதியா கீறேன். உங்க அக்கா மேல சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு."

சத்தியம் செய்தேன். இங்கே எல்லோர் பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், ஆகவே அது முறியவில்லை.

ஆனால் ஒரே இடத்துப் பார்வை இரண்டு இருந்து எனக்கு என்ன லாபம்? நாகம்மாவே வடக்குக் கோடி வீட்டுச் சின்னத்தம்பியைப் பிடித்து இழுத்துவந்தாள். அவருடைய இடம் வெகுதூரம் வடக்கே. மூன்றாவது முறையாகக் கண்ணைக் கட்டினார்கள். இந்த முறை பழகிவிட்டது. தேவாரத்துக்கு நடுவில் ஒரு தூக்கம்கூடப் போட்டேன்.

துண்டை அவிழ்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். சின்னத்தம்பி என் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தார். தேசப்பன் இடத்திலிருந்து சின்ன மூட்டையாகத் தெரிந்த மலை, இங்கிருந்து நீளமாய்க் கிடந்தது. பொண்டாட்டியின் முதுகில் தொடங்கிப் புருஷனின் இடுப்புவரை ஓடியது. நேர் எதிரில் நின்று பார்க்கும்வரை அதன் முகம் மட்டும் தெரிந்திருக்கிறது. பக்கவாட்டில் வந்தபின் உடம்பு முழுக்கத் தெரிகிறது.

"மூட்டை!" என்று கத்தினேன்.

"மூட்டையா? இத்த நாங்க எருமைன்னு சொல்லுவோம்" என்றார் சின்னத்தம்பி.

எருமையின் முதுகே எனக்குப் பாதை. அடிவாரம் சேர்ந்தபின் சமவெளியில் கால் வைக்க வேண்டியதில்லை. அந்த மனிதரைக் கட்டிப்பிடித்தேன், இருவரும் சேர்ந்து தண்ணீரில் விழுந்தோம். ஓலை மிதந்தது. காகிதமாக இருந்திருந்தால் போயிருக்கும்.

அன்றிரவே துரை கொடுத்த காகிதத்தின் பின்பக்கத்தில் என் வரைபடத்தை எழுதினேன். மேலே தேசப்பன் இடத்திலிருந்து தெரியும் வரிசை, அதற்குக் கீழே எது முன், எது பின், எது எதோடு ஒட்டும் என்ற கணக்கு. மலை இறங்கியபின் தண்ணீருக்குச் செட்டியார் துணியிலிருந்த கிணறுகளையும் நினைவிலிருந்து சேர்த்துக்கொண்டேன். நாகம்மா இறால் பொடியும் புளிச்சோறும் கட்டிக் கொடுத்தாள். எளாவூர்ப் பக்கத்துக் கரைவரை தேசப்பனும் ஏகாம்பரமும் ஒரே தோணியில் வந்தார்கள். வழியெல்லாம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. இருவரும் என்னோடு பேசினார்கள், தங்கள் இடத்தின் பெருமையை.

மலையேற்றம் பற்றி விரிவாக எழுத எனக்கு மூச்சு இல்லை. ஏறும்போதும் இல்லை. தரைமட்டத்தில் வளர்ந்த காலுக்கு ஒவ்வொரு பாறையும் அநியாயமாகப்பட்டது. அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்களிடம் புருஷன் பொண்டாட்டிக்கு வழி கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டேன். அந்தப் பெயர்கள் அங்கே ஒருவருக்கும் தெரியாது. பின்னாலிருந்து பார்த்தால் மூக்குக்கு மூக்கும் கிடையாது. ஆனால் எருமையின் முதுகு, நான் எழுதியபடியே, அறுபடாமல் ஓடியது. கீழே சமவெளியில் புழுதி எழும்பும்போதெல்லாம் மேலே நின்று நாவல்பழம் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தேன். நிலா ஒவ்வொரு இரவும் கொஞ்சம் பருத்தது. நான் கொஞ்சம் இளைத்தேன்.

பந்தல் போட்டிருந்தார்கள். மேளம் தொடங்கியிருந்தது. என் இடத்தில் நிறுத்த ஓர் எண்ணெய்ச் செட்டியைப் பிடித்துவந்து, அவர் கையில் மாலையும் கொடுத்தாகிவிட்டது. நான் தள்ளாடி உள்ளே நுழைந்ததும், பாவம் அந்த மனிதர், மாலையை என் கையில் திணித்துவிட்டு அப்பாடா என்று பந்திக்கு ஓடினார்.

அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிவந்து என் முதுகில் ஓர் அடி கொடுத்தாள். அடித்த கையை எடுக்காமல் அப்படியே அழுதாள். நானும் அழுதேன். மருமகள் மட்டும் சிரித்தாள். அவளுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணையில் உட்கார வைத்தேன். 

தாலி கட்டி முடிந்தபின் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எப்படி வந்தீர்கள் என்று கேட்டார்கள். வரைபடத்தை விரித்தேன். "இது எங்க மலை இல்லையே" என்றார் ஒருவர். "இப்படி ஒரு மலை இந்தப் பக்கமே கிடையாது" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. பிறந்தது முதல் அந்த அடிவாரத்தில் வாழ்பவர்கள் ஒருவர்கூட அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா குனிந்தாள். மேல்வரிசைக் கோட்டில், அந்த இரட்டை மலைமேல் விரலை வைத்தாள்.

"இது தான். இப்பிடித்தான் இருந்தது" என்றாள். "கலியாணம் முடிஞ்சு தோணியில வரேக்கை பாத்தனான். அழுதுகொண்டு பாத்தனான்." பிறகு திரும்பி அத்தானைத் தேடினாள். "அந்த ரெண்டுக்கும் நடுவில எங்கட ஊர் எண்டு காட்டினீங்களே. இறங்கிப் பாத்தால் அங்கை கிடந்தது ஊரில்லை, ஏற ஏற முடிவில்லாத மலை! எத்தனை வருஷமாய் உங்களைப் பொய்காரன் எண்டு ஏசுறன்."

அத்தான் என் வரைபடத்தின் கீழ்ப்பாதியைப் பார்த்தார். முன்னால் ஒரு மலை, எங்கோ பின்னால் இன்னொன்று, நடுவில் நீண்டு கிடக்கும் எருமை. அவர் முகம் மலர்ந்த மாதிரி ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை முகம்கூட மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"பார்த்தியா!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். "நான் பொய் சொல்லல! கடல்லேர்ந்து அப்படித்தான் தெரியும்! பார்த்தியா!"

அக்கா சிரித்தாள். அழுகை நிற்காமலே சிரித்தாள். அத்தான் அந்தக் காகிதத்தை வந்தவர்களுக்கெல்லாம் காட்டி, தன் கட்சியை எடுத்துச் சொல்லி, மறுபடி மறுபடி ஜெயித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து, கிளம்ப வேண்டும், வரைபடத்தைக் கொடு என்றேன். அக்கா அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வழி தெரிஞ்சாத்தானே போவாய்?" என்றாள்.

ஆனி மாதம் முழுக்க எனக்கு வழி தெரியவில்லை.